பழைய பொருளுக்கு நியாய விலை எது?



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, சாமளாபுரத்தில் ஓர் இல்லத்தில் குடும்பச் செபமாலைக்காகச் சென்றிருந்தேன். செபம் முடிந்து, சுக்குக் காப்பி அருந்தி, எல்லாரும் விடைபெற்ற பின்னும் இளைஞர் ஒருவர் மட்டும் திண்ணை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அடுத்த தெருவில் தறிக் குடோனின் ஓசை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"சாமி, ஒரு சந்தேகமுங்க. கம்மி விலைக்கு வாங்கி அதிக விலைக்கு வித்தா அது பாவமுங்களா?"

"வாணிபம் என்பதே அதுதானே, தம்பி?" என்றேன்.

"அப்படித்தானுங்க நானும் நெனச்சேன். ஆனா மனசு கேக்க மாட்டேங்குதுங்க."

பிறகு அவர் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, திண்ணையில் கேட்டது. இதில் தொடர்புடைய இருவருடைய இசைவையும் பெற்ற பின்னரே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டியதில்லை.

அந்த இளைஞர் பனியன் கம்பெனி ஒன்றில் தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். ஓய்வு நேரத்தில் பழைய இயந்திரங்களை வாங்கிச் சீர்செய்து விற்பார். கணவரை இழந்த ஒரு தாய், தம் வீட்டில் துணி போர்த்தி வைத்திருந்த ஓவர்லாக் இயந்திரத்தை விற்க விரும்பினார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாள் நெருங்கியிருந்தது. "ஓடாத மிஷின்தான் தம்பி, நீயே பார்த்துக் கொடு" என்றாராம். இவர் துணியை நீக்கிப் பார்த்தார். அது ஜப்பான் நாட்டு இயந்திரம் என்பதும், பெரிய பழுது ஒன்றும் இல்லை என்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தன. அந்தத் தாய்க்கு இரண்டும் தெரியா. இவர் ஆறாயிரம் ரூபாய் சொன்னார். அவர் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார். உதிரி பாகங்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு, வண்டி வாடகைக்கு ஐந்நூறு, தம் உழைப்பு இரண்டு நாள். பத்தாம் நாள் பத்தொன்பதாயிரம் ரூபாய்க்கு அதை விற்றுவிட்டார். செலவு போகக் கையில் நின்றது பதினோராயிரம்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலீங்க, சாமி. அவங்க கேட்டதுக்கு மேலயே கொடுத்திருப்பேன். ஆனா அவங்க ஒண்ணுமே கேக்கலீங்க."

இந்தக் கடைசிச் சொற்கள் என் உள்ளத்தில் தங்கிவிட்டன. நம் பகுதியில் இது அந்த ஓர் இளைஞரின் சந்தேகம் மட்டும் அன்று. பழைய தறி, பழைய மோட்டார், பழைய இருசக்கர வண்டி, ஏற்றுமதியில் தள்ளப்பட்ட பனியன், அடகில் மூழ்கும் நகை என்று நம் குடும்பங்களில் பலர் ஏதேனும் ஒரு வகையில் பழைய பொருளை வாங்கி விற்கிறவர்களே. ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாகவே சிந்திப்போம்.

இலாபம் பாவமா?

முதலில் தேவையற்ற அச்சம் ஒன்றை நீக்கிவிடுகிறேன். இலாபம் தன்னிலேயே பாவம் அன்று. புனித தோமாஸ் அக்குவினார் தமது இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில், வாங்குதல் விற்றல் பற்றித் தனி வினா ஒன்றையே அமைத்திருக்கிறார். எழுபத்தேழாம் வினாவாகிய அதன் நான்காம் பிரிவில், வாங்கியதைவிட அதிக விலைக்கு விற்கலாமா என்று நேராகவே கேட்கிறார். இலாபம் தன் இயல்பில் நல்லதும் அன்று, தீயதும் அன்று. அது எதற்காக என்பதே கேள்வி என்பது அவர் முடிவு. குடும்பத்தைக் காக்கவும், எளியவருக்கு உதவவும், ஊருக்குத் தேவையான பொருள் கிடைக்கவும் ஒருவர் வாணிபம் செய்தால், அவர் பெறும் இலாபம் அவருடைய உழைப்புக்குரிய கூலியாகிறது. பொருளை ஒருவர் செம்மைப்படுத்தியிருக்கலாம். இடமோ காலமோ மாறியதால் விலை மாறியிருக்கலாம். அதைக் கொண்டு செல்வதில் அவர் இழப்புக்குத் துணிந்திருக்கலாம். இக்காரணங்களால் விலை உயர்வது நியாயமே என்கிறார்.

திருப்பூர் காதர்பேட்டையை எண்ணிப் பாருங்கள். அளவு பிசகியதாலோ, சாயத்தின் நிறம் சற்று மாறியதாலோ, அச்சில் கறை விழுந்ததாலோ, கேட்டவரே வேண்டாம் என்றதாலோ, கப்பல் ஏறாமல் நின்றுவிட்ட ஆடைகள் மொத்தமாக விலை பேசப்படுகின்றன. வாங்குபவர் மூட்டையைப் பிரித்து, நல்லதையும் கெட்டதையும் வகைப்படுத்தி, அறுந்த தையலைப் போட்டு, அளவு வாரியாக அடுக்கி விற்கிறார். எத்தனையோ ஏழைக் குழந்தைகள் அந்த ஆடையைத்தான் உடுத்துகின்றனர். ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகரான அக்ராவில் காண்டமாண்டோ என்னும் பெரிய பழந்துணிச் சந்தை உண்டு. அங்குள்ள சிறு வியாபாரிகள், மேலைநாட்டார் உடுத்திக் கழித்த துணி மூட்டைகளைப் பிரித்துப் பார்க்காமலே விலை கொடுத்து வாங்குகிறார்கள். உள்ளே நல்ல துணி இருந்தால் பிழைப்பு. கந்தல் இருந்தால் கடன். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சந்தையில் பெருந்தீ பற்றி, ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை இழந்தனர். இத்தகைய துணிவுக்கும் உழைப்புக்கும் உரிய இலாபத்தைப் பழிப்பது அறம் ஆகாது.

தூக்கி எறியப்பட இருந்ததைப் பயனுள்ளதாக்கி, இன்னொரு வீட்டில் பத்து ஆண்டு உழைக்கச் செய்பவர், படைப்பின் செல்வத்தை வீணாக்காமல் காப்பவர். பழைய இரும்புக் கடைக்காரரை இகழ்ந்து பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த இகழ்ச்சிக்கு அடிப்படை ஒன்றும் இல்லை.

அப்படியானால் அந்த இளைஞருக்கு மனம் ஏன் கேட்கவில்லை? இலாபம் எதிலிருந்து வந்தது என்னும் கேள்வி எஞ்சியிருக்கிறது. உழைப்பிலிருந்து வந்த இலாபம் உண்டு; பிறருடைய அறியாமையிலிருந்தோ நெருக்கடியிலிருந்தோ வந்த இலாபமும் உண்டு. இரண்டும் ஒரே சட்டைப் பையில்தான் விழுகின்றன. ஆனால் இறைவன் முன் அவை இரண்டும் ஒன்று அல்ல.

அகுஸ்தினார் கூறும் இரு மனிதர்

புனித அகுஸ்தினார் தமதிருத்துவத்தைப் பற்றி எழுதிய நூலின் பதின்மூன்றாம் பகுதியில், நகைச்சுவை நடிகன் ஒருவனைக் குறிப்பிடுகிறார். எல்லாருடைய உள்ளத்திலும் இருக்கும் ஆசையை அடுத்த காட்சியில் சொல்லப்போவதாக அவன் பறைசாற்றினானாம். குறித்த நாளில் கூட்டம் திரண்டது. மலிவாக வாங்குவதும் மிகுதியாக விற்பதுமே எல்லாரும் விரும்புவது என்றான் அவன். மக்கள் ஆரவாரித்து ஒப்புக்கொண்டனர்.

ஆனால் அது எல்லாருக்கும் உரிய ஆசை அன்று என்கிறார் அகுஸ்தினார். தமக்குத் தெரிந்த ஒருவரை எடுத்துக்காட்டாகத் தருகிறார். அவரிடம் ஒருவன் ஒரு கையெழுத்துச் சுவடியை விற்க வந்தான். அதன் மதிப்பு விற்பவனுக்குத் தெரியவில்லை. மிகச் சிறிய தொகையே கேட்டான். வாங்கியவரோ, அவன் எதிர்பாராத வகையில், அதற்குரிய முழு விலையையும் கொடுத்தாராம். ஓவர்லாக் இயந்திரத்தின் முன் நின்ற நம் இளைஞருக்கும் அந்த மனிதருக்கும் இடையே பதினாறு நூற்றாண்டுகள் உள்ளன. எனினும் இருவரும் நின்ற இடம் ஒன்றே.

நானும் அவ்விடத்தில் நின்றிருக்கிறேன். குருமாணவனாய் இருந்த நாளில், கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில், வீரமாமுனிவரின் தேம்பாவணிப் பழம்பதிப்பு ஒன்றை இருபது ரூபாய்க்கு வாங்கினேன். சில வாரங்களில் தமிழன்பர் ஒருவர் அதைக் கண்டு ஐந்நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். கொடுத்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நண்பர்களிடம் பெருமையும் பேசினேன். வாங்கும்போது "மட்டம், மட்டம்" என்று குறைகூறிவிட்டு, அப்பால் போனதும் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளும் மனிதனைப் பழமொழி ஆகமத்தின் இருபதாம் அதிகாரம் படம்பிடித்திருக்கிறது. அது என் படம் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. குருக்கள் வாணிபத்தில் ஈடுபடலாகாது என்பது திருச்சபைச் சட்டம் 286. நல்லவேளையாக அன்று நான் குருநிலை பெறவில்லை!

பிறகு அறநெறி இறையியல் வகுப்பில் மேற்சொன்ன வினாவைப் படித்தபோது நாணம் பிடுங்கித் தின்றது. கடைக்காரரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "புத்தகத்தோட விலை தெரிஞ்சுக்கறது என் தொழிலுங்க தம்பி. எனக்கு எடைக்கு வந்தது, இருபது ரூவாயே எனக்கு லாபந்தான்" என்றார். பேராசிரியரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்: "அவர் வணிகர். விலையை மதிப்பிடுவது அவர் தொழில்; அவரே விலை கூறினார். அவருக்கு நீ அநீதி செய்யவில்லை. ஆனால் அந்த நூலை எடைக்குப் போட்ட வீட்டார் யாரோ! அவர்களை நீ அறியாய். அவர்களுக்கு நீ தீங்கு செய்யவும் இல்லை. எனினும் இலாபத்தில் ஒரு பங்கை ஏழைக்குக் கொடுத்தால் உன் மனத்துக்கு நல்லது." அப்படியே செய்தேன்.

அன்று கற்ற வேறுபாடு பெரிது. வணிகரிடம் வாங்குவது வேறு. வீட்டாரிடம் வாங்குவது வேறு. காதர்பேட்டையில் இரு வியாபாரிகள் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசினாலும், அவர்கள் சமவலிமை உள்ளவர்கள். தொழில் அறிவு வணிகரின் முதல். அதை அவர் பயன்படுத்துவது குற்றம் அன்று. ஆனால் விற்பது இன்னதென்றே அறியாத ஒருவர், உங்களை நம்பி, "நீயே பார்த்துக் கொடு" என்று சொல்லும்போது, அவர் உங்களைப் பேரக்காரராக அல்ல, நடுவராகவே அமர்த்துகிறார். நடுவர் தம் பக்கமே தீர்ப்புச் சொல்லலாமா?

அக்குவினார் இதற்குத் தெளிவான உவமை தருகிறார். விற்பவன் பொன்னைச் செம்பு என்று எண்ணி விற்கிறான். வாங்குபவனுக்கோ அது பொன் என்று தெரியும். அவ்வாறு அறிந்தே வாங்கினால் அது அநீதி. ஈடு செய்யக் கடமையும் உண்டு என்கிறார். நம் இளைஞர் செம்பின் விலைக்குப் பொன்னை வாங்கினார். பொய் சொல்லவில்லை என்பது உண்மை. ஆயினும் பேச வேண்டிய இடத்தில் வாய் திறவாதிருப்பதும் சிலவேளை பொய்யின் வேலையைச் செய்துவிடுகிறது. நம் நாட்டின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்கூட, வெறும் மௌனம் ஏமாற்று ஆகாது என்று சொல்லிவிட்டு, பேசவேண்டிய கடமை உள்ளவரின் மௌனத்தை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

நெருக்கடிக்கு விலை உண்டா?

இரண்டாவது, நெருக்கடி. இதில் அறியாமை இல்லை. விற்பவருக்கு விலை நன்றாகவே தெரியும். ஆனால் நாளைக் காலைக்குள் பணம் வேண்டும்.

நம் பகுதியார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரி 28-ஆம் நாள், நொய்யல் மாசுபட்ட வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஆற்றையும் உழவரையும் காக்க எழுந்த வழக்கு அது. அதன் நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. எனினும் வேலை நின்ற வீடுகளில் அடுப்பும் நின்றது. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கிலும் அவ்வாறே. கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்கள் 2022 ஜனவரியிலும், பிறகு 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் தறிகளை நிறுத்திப் போராடினார்கள். கூலிக்கு நெய்பவரின் கைக்கும் வாய்க்கும் உள்ள தூரம் மிகக் குறுகியது. மின்கட்டணமும் வங்கித் தவணையும் கழுத்தை நெரிக்கும்போது, தந்தை காலத்திலிருந்து ஓடிய தறிகளை இரும்பின் எடைக்கே போட்டுவிட்டவர்களை நாம் அறிவோம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். தறிக்கு அந்தப் பேறு இல்லை.

ஓடும் நிலையில் உள்ள தறியை, "இது வெறும் இரும்புதானே" என்று எடை போட்டு வாங்கி, மறுவாரமே வேறோர் ஊரில் ஓடும் தறி என்று விற்பவர் இருந்தால், அவர் மனச்சான்றை நான் கேட்கிறேன்: எடையின் விலைக்கு மேல் நீர் பெற்றது எதன் விலை? நீர் தறியைச் செம்மைப்படுத்தியிருந்தால் அது உமது கூலி. ஏற்றி இறக்கிய செலவும், விற்காமல் தேங்கக்கூடிய இடரும் உமது கணக்கில் சேரும். அவற்றுக்கும் மேலே எஞ்சுவது ஒரு குடும்பத்தின் நெருக்கடி. அது விற்பனைப் பொருள் அன்று.

உபாகமத்தின் இருபத்து நான்காம் அதிகாரத்தில் வியப்பான சட்டம் ஒன்று உண்டு. கடன் கொடுத்தவன் திரிகைக் கல்லை ஈடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒருவனுடைய உயிரையே ஈடாக எடுப்பதாகும். மாவரைக்கும் கல் அந்த வீட்டின் உணவு. நம் வீடுகளில் தறியும் தையல் இயந்திரமும் அத்தகைய திரிகைக் கற்கள். அவற்றை விலை பேசும் கைக்கு ஒரு நடுக்கம் இருக்க வேண்டும்.

"அவரேதான் சம்மதித்தார்" என்று சொல்வதுண்டு. ஏழை சொல் அம்பலம் ஏறாது. ஏழையின் சம்மதம் மட்டும் எப்படி இவ்வளவு எளிதாக ஏறிவிடுகிறது? திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளரைப் பற்றி எழுதிய திருமடலில், தேவையினால் நெருக்குண்டு ஒருவர் ஒப்புக்கொண்ட கூலி நியாயமானதாகிவிடாது என்று கற்பித்தார். திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1967-இல் மக்களின் முன்னேற்றம் பற்றிய திருமடலில் அதையே வாணிபத்துக்கும் விரித்துரைத்தார்: பேரம் பேசும் இருவரின் நிலைகள் மிகவும் ஏற்றத்தாழ்வாக இருந்தால், இருவரும் ஒப்பினார்கள் என்பது மட்டும் ஒப்பந்தத்தை நீதியாக்காது. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், பிறர் அறியாமையையோ துன்பத்தையோ பயன்படுத்தி விலையை ஏற்றுவதை ஏழாம் கட்டளைக்கு எதிரான செயல்களுள் ஒன்றாக வைக்கிறது. ஏற்றுவதற்குச் சொன்னது இறக்குவதற்கும் பொருந்தும் என்று சொல்லவும் வேண்டுமோ?

அடுத்து வாங்குபவர்

மூன்றாவது, நம்மிடமிருந்து வாங்குபவர். பழைய பொருளில் குறை இருப்பது இயல்பு. குறையை மறைப்பதே குற்றம். தேய்ந்த பற்சக்கரத்துக்குக் கெட்டி எண்ணெய் பூசி ஓசையை அடக்குவதும், வண்டி ஓடிய கிலோமீட்டரைத் திருத்துவதும், தள்ளுபடிப் பனியனை முதல்தரம் என்பதும் திருட்டின் உறவினர்களே. கண்ணுக்குத் தெரியும் குறையை விலையில் கழித்தால் போதும். மறைந்திருந்து இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் குறையைச் சொல்லியே தீரவேண்டும் என்பது அக்குவினாரின் தீர்ப்பு. "வாங்குபவர் விழித்திருக்கட்டும்" என்பது வணிகச் சட்டத்தின் பழைய விதி. விற்பவர் உறங்கலாம் என்று எந்த விதியும் இல்லை. கோதுமையின் கூளத்தையும் சேர்த்து விற்ற வணிகரை ஆமோஸ் இறைவாக்கினர் எட்டாம் அதிகாரத்தில் இடித்துரைப்பதைப் படித்துப் பாருங்கள்.

இங்கே மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. நம்ப முடியாத மலிவுக்கு ஒரு பொருள் கைக்கு வந்தால், வந்த வழியைக் கேளுங்கள். நம் தோட்டங்களில் மோட்டாரின் செம்புக் கம்பியை இரவோடிரவாக அறுத்துச் செல்கிறார்கள். யாரோ ஒருவர் வாங்குவதால்தான் யாரோ ஒருவர் அறுக்கிறார். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு எண்ண இடமிருந்தோ வாங்குவது 2023-ஆம் ஆண்டின் பாரதிய நியாயச் சட்டத் தொகுப்பில் 317-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் வருமுன்னே மனச்சான்று கேட்கவேண்டும்.

ஏழைகளுக்கென்று கொடுக்கப்பட்ட பொருள் ஒரு தனி வகை. வின்சென்ட் தே பவுல் சபையினர் வழங்கும் ஆடையையோ, நிவாரணமாக வந்த போர்வையையோ தேவையற்றவர் பெற்று விற்றால், அது மலிவு வாங்குதல் அன்று. ஏழையின் பங்கைக் கவர்தல். ஆனால் உண்மையான ஏழை ஒருவர், தமக்குக் கிடைத்த போர்வையை விற்று அரிசி வாங்கினால், அவரைக் குற்றவாளியாக்க எனக்கு வாய் வராது. அவருக்குப் போர்வையைவிட அரிசி தேவையாய் இருந்தது. அதை அறியாமல் கொடுத்தது நம் குறை. திருவிழா ஏலத்தில் நேர்ச்சைச் சேலையை எடுத்து விற்கலாமா என்றும் கேட்கிறீர்கள். ஏலம் எல்லார் முன்னும் நடப்பது. கூடுதலாகக் கேட்டவருக்கே பொருள். ஆகவே விற்கலாம். ஆனால் முன்கூட்டியே நால்வர் கூடிப் பேசி விலையை ஏறவிடாமல் தடுத்து எடுத்தால், அது கோவிலையும் காணிக்கை தந்தவரையும் ஏமாற்றுவதாகும்.

அப்படியானால் விலையை எப்படிக் கணிப்பது?

அறநெறி நூல்கள் நியாய விலையை ஓர் ஊசிமுனையாகச் சொல்லவில்லை. மேல்விலை, நடுவிலை, கீழ்விலை என மூன்று படிகள் அதற்கு உண்டு. ஒரே சந்தையில் ஒரே பொருளுக்கு நேர்மையானவர்கள் கேட்கும் விலைகளின் எல்லை அது. கீழ்ப்படியில் வாங்கி மேற்படியில் விற்பது நீதிக்கு மாறானது அன்று. கேட்காமலே தேடிவந்து விற்கப்படும் பொருளின் விலை சற்று இறங்கும் என்பதையும் அந்நூல்கள் ஏற்கின்றன. வாங்கி என்ன செய்வது என்னும் சுமை வாங்குபவருடையது அல்லவா? கீழ்ப்படிக்கும் கீழே இறங்கும்போதுதான் அநீதி தொடங்குகிறது.

பழைய பொருளுக்கு லேவியர் ஆகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் அழகிய அளவுகோல் ஒன்றைக் காட்டுகிறது. யூபிலி ஆண்டில் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பிவிடும். ஆதலால் நிலத்தை விற்கும்போது, யூபிலிக்கு இன்னும் எத்தனை விளைச்சல் உண்டு என்று எண்ணி விலை பேச வேண்டும். மிகுதி இருந்தால் விலை கூடும், குறைவாயின் குறையும். ஒருவரை ஒருவர் ஏய்க்கலாகாது. பழைய இயந்திரத்தையும் அவ்வாறே கேளுங்கள்: இதில் இன்னும் எத்தனை ஆண்டு உழைப்பு மிச்சம்? அந்த மிச்சத்தைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள். துருவையும் தூசியையும் அல்ல.

திருவள்ளுவரும் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தை வணிகரைப் பற்றிய குறளோடுதான் நிறைவு செய்கிறார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் கருதுவதே அவர் காட்டும் வாணிபம். அதைவிடச் சிறந்த ஆலோசனையை நான் தர இயலாது.

அந்த இளைஞர் என்ன செய்தார்?

திண்ணையில் அமர்ந்து இருவருமாகக் கணக்குப் பார்த்தோம். அந்த இயந்திரத்தை வந்த நிலையிலேயே தொழில் தெரிந்தவர்கள் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று மூன்று பேரிடம் விசாரிக்கச் சொன்னேன். பன்னிரண்டாயிரம் முதல் பதினாலாயிரம் வரை என்றார்கள். கீழ்ப்படி பன்னிரண்டாயிரம். அவர் கொடுத்தது ஆறாயிரம். ஆக, ஆறாயிரம் அந்தத் தாய்க்கு உரியது. எஞ்சிய ஐயாயிரம் இரண்டு நாள் உழைப்புக்கும், கைத்திறனுக்கும், விற்காமல் நின்றுவிடுமோ என்ற இடருக்கும் உரியது. அதை அவர் தலைநிமிர்ந்து வைத்துக்கொள்ளலாம். "முழுசையும் கொடுத்தரட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். நீதிக்குரியதை முதலில் கொடுக்கட்டும். அன்புக்குரியதைப் பிறகு பார்க்கலாம். இரண்டையும் குழப்பினால், கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தருமம் செய்ததாக நினைத்துக்கொள்வோம்.

மறு ஞாயிறு அவர் வந்தபோது முகம் வாடியிருந்தது. அந்தத் தாய் பணத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கிறார். அவரோ, "இது அன்னைக்கே தெரியுந்தானே தம்பி? ஏன் சொல்லல?" என்று கேட்டாராம். ஆறாயிரம் போதாமல், மகளின் கட்டணத்துக்காகத் தம் தோட்டை மூன்று வட்டிக்கு அடகு வைத்திருக்கிறார். நான்கு மாதமாக வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. நாம் திண்ணையில் போட்ட கணக்கில் இந்த வரவு-செலவு இல்லவே இல்லை!

நான் வாயடைத்துப் போனேன். பிறர் அறியாமையில் எடுத்த பணம், எடுத்த இடத்தில் சும்மா ஒரு பள்ளத்தை விட்டுப் போவதில்லை. அந்தப் பள்ளம் நாளுக்கு நாள் ஆழமாகிறது. அநீதியால் விளைந்த இழப்புக்கும் ஈடு செய்யவேண்டும் என்று நான் படித்திருக்கிறேன். பிறருக்குக் கற்பித்தும் இருக்கிறேன். எனினும் அன்று, அந்த அம்மாவிடம் கேட்காமலே அவருடைய இழப்பைக் கணக்கிட்டுவிட்டேன். அந்த இளைஞரின் பிழையும் இதுவேதான்: அவரைக் கேட்காமலே அவர் பொருளுக்கு விலை வைத்தார்.

இளைஞர் நான்கு மாத வட்டியையும் செலுத்தித் தோட்டை மீட்டுக் கொடுத்தார். அவர்களுக்குள் பழைய பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை என்று அறிகிறேன். பணத்தை ஒரே நாளில் திருப்பிவிடலாம். நம்பிக்கை தவணை முறையில்தான் திரும்புகிறது. ஆனால் அண்மையில் அந்தத் தாயே, அயலில் ஒருவர் பழைய இயந்திரம் விற்க வேண்டும் என்றபோது, இவர் பெயரைச் சொல்லி அனுப்பினாராம். இவர் சென்று, இயந்திரத்தைப் பார்த்து, முதலில் சொன்ன சொல்: "அக்கா, இது என்ன மிஷின்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

குடும்பத்தாரே, இரண்டு கல்லுக்கு இடையே முளை இறுகிக் கிடப்பதுபோல, விற்றலுக்கும் வாங்கலுக்கும் இடையே பாவம் நெருக்கிக்கொண்டு நிற்கும் என்பது சீராக் ஞானியின் அனுபவம். முளை அங்கே இருக்கிறது என்று அறிந்தவர் கையை எச்சரிக்கையாக வைப்பார். ஆகையால் இம்மாதம் இரவுச் செபத்துக்குப்பின், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து இந்நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வாங்கிய பொருளின் உண்மை மதிப்பு, விற்றவருக்கும் தெரிந்திருந்ததா?

அவருடைய நெருக்கடி இல்லாதிருந்தால், இந்த விலைக்குக் கொடுத்திருப்பாரா?

என்னிடம் வாங்கியவர், நான் அறிந்த குறை அனைத்தையும் அறிந்து வாங்கினாரா?

நான் பெற்ற இலாபத்தின் கணக்கை, இருவர் முன்னிலையிலும் கூசாமல் படிக்க என்னால் முடியுமா?

நான்குக்கும் "ஆம்" என்றால், இலாபத்தை நன்றியோடு அனுபவியுங்கள். அது உங்கள் உழைப்பின் கனி. ஏதேனும் ஒன்றுக்கு "இல்லை" என்றால், காலம் தாழ்த்தாதீர்கள். உரியவரைத் தேடிச் செல்லுங்கள். அவர் அகப்படாவிட்டால், அவர் பெயரால் ஏழைக்குக் கொடுங்கள். சென்றதும் முதலில் பணத்தை நீட்டாமல், அவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். இது நான் அந்தத் தாயிடம் கற்ற பாடம்.

தச்சுப் பட்டறையில் உழைத்து நேர்மையாய் விலை பேசிய புனித சூசையப்பர் உங்கள் கைகளையும் தராசுகளையும் காப்பாராக. இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.